கருவா, கட்டியா

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துச் செங்கமலம் முதன்முறையாக இரண்டு மாதம் சேர்ந்தாற்போல முழுகாமல் இருந்தாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் மரகதம் தானாகவே கண்டுபிடித்தாள். மாதாமாதம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒதுங்கி உட்காருகிற மருமகள் இரண்டு மாதமாக உட்காரவில்லை. காலையில் பழைய சோற்றுச் சட்டியைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மரகதத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

வடக்குப்பட்டில் யார் யாரெல்லாம் இந்த எட்டு வருஷத்தில் 'விசேஷம் ஒண்ணுமில்லையா' என்று கேட்டார்களோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் மரகதம் போய்வந்தாள். உப்புக் கடனாகவோ நெருப்புக் கேட்டோ போவதுபோலப் போய், பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு வருவாள். செம்பரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் இந்திராணிக்கும் ஆள்விட்டுச் சொன்னாள். செங்கமலத்தின் புருஷன் பலராமன் ஸ்ரீபெரும்புதூரில் பம்புசெட்டு மோட்டார் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்தான். அதிகம் பேசாத ஆள். அவன் அந்த வாரம் பட்டறையிலிருந்து வரும்போது ஆப்பிள் இரண்டு வாங்கிவந்தான். வடக்குப்பட்டில் அதுவரை ஜுரத்தில் கிடந்தவர்களுக்குத்தான் ஆப்பிள் வாங்குவார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் ஆவணி மாதம் அது.

மூன்றாம் மாதம் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது செங்கமலத்துக்கு இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலி வந்தது. வரப்பு ஏறி, கால்வாய் ஓரம் தாழம்புதர் மறைவுக்குப் போனாள். உதிரம் கட்டி கட்டியாகப் போயிற்று. எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வலி தணிந்ததும் கால்வாய்த் தண்ணீரில் புடவையை அலசி, ஈரத்தோடு வீட்டுக்கு வந்தாள். சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தாள்.

மரகதம் அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகளின் வெளுத்த முகத்தைப் பார்த்ததும் எழுந்து பாயை விரித்தாள். தான் பலராமனைச் சுமந்தபோதும் மூன்றாம் மாதம் இப்படித்தான் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது என்றாள். நாளையிலிருந்து கழனிப் பக்கமே வரவேண்டாம் என்றாள். எட்டு வருஷத்தில் மாமியார் தனக்குப் பாய் விரித்துச் செங்கமலம் பார்த்ததில்லை. படுத்துக்கொண்டாள். சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். ஆனால் மறுநாள் காலையில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது உள்ளே திண்ணென்று ஏதோ இருந்தது. கலைந்துபோயிருந்தால் வயிறு வடிந்திருக்கவேண்டுமே என்று நினைத்தாள். வயிறு வடியவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அது மேலும் ஏறுவதுபோலத்தான் இருந்தது. அப்படியானால் பிள்ளை உள்ளேதான் இருக்கிறது, வேறு ஏதோ போயிருக்கிறது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த முடிவு அடுத்த மாதம் மறுபடி உதிரம் கண்டபோது ஆட்டம் கண்டது. அதற்கடுத்த மாதம் இன்னும் அதிகம். பிள்ளை உள்ளே இருந்தால் இது ஏன் வருகிறது? இது வருவதானால் உள்ளே இருப்பது என்ன?

தீட்டோடு அடுப்படிக்குள் போனாள். விளக்கேற்றினாள். ஒவ்வொரு முறையும் ஏதோ தப்பு நடந்துவிடும் என்று பயந்தாள். துணிகளைக் கால்வாயில் கசக்கி, தாழம்புதரிலேயே உலர்த்தி எடுத்துவந்தாள். கடைசியில் பலராமனிடம் மட்டும் பாதி சொன்னாள். 'கொஞ்சமாகப் படுகிறது' என்றாள். அவன் பட்டறை முதலாளியிடம் எப்படியோ சுற்றிவளைத்துக் கேட்டுவந்து, சில பேருக்கு மாசமாக இருக்கும்போதும் அப்படி வருமாம் என்றான். அவனும் அதை நம்ப விரும்பினான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம். ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில், பஸ்ஸின் பின்புறத்தில், பள்ளிக்கூடச் சுவரில்கூட. தலைகீழாக நிற்கும் அந்த முக்கோணத்தைப் பார்த்தாலே ஜனங்களுக்குக் கிலி. ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க ஜீப் வருகிறது என்றால் பக்கத்து ஊரான ஒரகடத்து ஆம்பிளைகள் சவுக்குத் தோப்புக்குள் போய்விடுவார்கள். ஊர் ஊராக நடந்து வந்து பெண்களிடம் பேசுகிற வேலை நர்ஸ் லூர்தம்மாளுக்கு. மாதம் இத்தனை பேர் என்று அவளுக்கும் மேலிருந்து உத்தரவு. அவள் வருவது தெரிந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுகிற வீடுகள் இருந்தன. மரகதம் வீடு சாத்திக்கொள்ளவில்லை. பிள்ளையே இல்லாத வீட்டில் நர்சுக்கு என்ன வேலை? அதுவுமில்லாமல் மருமகள் வயிற்றை நர்சிடம் காட்டிப் பெருமைப்பட மரகதத்துக்கு ஆசை இருந்தது.

லூர்தம்மாள் செங்கமலத்தைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பையிலிருந்து மரக்குழலை எடுத்து ஒரு முனையை வயிற்றிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்டாள். இடம் மாற்றி இடம் மாற்றி வெகுநேரம் கேட்டாள். பிறகு, தீட்டு ஏதாவது படுகிறதா என்று தணிந்த குரலில் கேட்டாள். வாசற்படியில் மரகதம் நின்றிருந்தாள். செங்கமலம் இல்லை என்று தலையாட்டினாள்.

லூர்தம்மாள் எழுந்து நின்றாள். "இது புள்ள மாதிரி எனக்குத் தெரியல. துடிப்பு கேக்கல. கெட்டியா கீது, அங்கங்க மேடா கீது. கட்டியா இருக்கலாம். மெட்ராசுக்கு இட்டுகினு போய்க் காட்டுங்க. ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னாலும் சொல்லுவாங்க."

ஆபரேஷன் என்ற சொல் விழுந்ததும் மரகதத்தின் முகம் மாறியது. "வயித்துப் புள்ளைய கட்டின்னு சொல்லி இஸ்துகினு போய் அறுத்துவுட்டுட்டு, உன் கணக்குல ஒண்ணு சேத்துக்கலாம்னு பாக்குறியா? எட்டு வருசம் கழிச்சு வந்த புள்ளம்மா இது. வெளிய போ" என்றாள்.

லூர்தம்மாள் மரக்குழலைப் பையில் போட்டாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செங்கமலம் படுத்த இடத்திலேயே கிடந்தாள். நர்ஸ் ஆள் பிடிக்கத்தான் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா? தான் இல்லை என்று தலையாட்டியதால் அவள் தப்பாகக் கணித்துவிட்டாளா? அப்படியானால் தான் சரியாகச் சொல்லியிருந்தால் பிள்ளை என்று சொல்லியிருப்பாளா, இன்னும் உறுதியாகக் கட்டி என்று சொல்லியிருப்பாளா? எந்தப் பக்கம் யோசித்தாலும் பாதியில் நின்றது.

தை மாதம் வளைகாப்பு வைத்தார்கள். இந்திராணி மூன்று பிள்ளைகளோடும் ஐந்து வகைச் சோற்றோடும் வந்தாள். தெருப் பெண்கள் எல்லோரும் கூடினார்கள். செங்கமலத்தை மனையில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். வயிறு ஏழு மாதத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் மெலிந்து, உதடும் நகமும் சுண்ணாம்பாக வெளுத்திருந்ததை ஒன்றிரண்டு பேர் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஆரத்தி எடுக்கும்போது செங்கமலம் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். தூக்கினார்கள். மனைப்பலகை நனைந்திருந்தது. புடவையின் பின்புறம் முழுவதும் உதிரம்.  பிறகு யாரோ ஒரு வயசான பெண்பிள்ளை, "இது கருவு இல்லடி மரகதம். இது ஒதிரம் கொட்டுற பெரும்பாடு" என்றாள்.

பலராமன் பட்டறைக்கு ஓடி, மோட்டார் ஏற்றும் வண்டியைக் கேட்டு வாங்கிவந்தான். மெட்ராஸில் பெண்களுக்கென்று இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது செங்கமலத்துக்கு அரைகுறை நினைவுதான் இருந்தது. உடம்பில் இருக்கவேண்டியதில் பாதி ரத்தம்கூட இல்லை என்றார்கள். பலராமன் ரத்தம் கொடுத்தான். அது போதாமல் பட்டறையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து கொடுத்தார்கள். உதிரம் நிற்க மருந்து கொடுத்தார்கள். செங்கமலம் நிமிர்ந்து உட்கார ஒரு வாரம் ஆயிற்று. கையில் அடுக்கியிருந்த வளையல்களை ஊசி போடுவதற்காக ஆயா ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் முடிந்து மரகதத்திடம் கொடுத்திருந்தாள்.

அந்த வார்டைப் பார்த்தவர் டாக்டர் காந்திமதி. ஐம்பது வயசு இருக்கும். வயிற்றைத் தொட்டதுமே கர்ப்பப்பையில் கட்டி என்றார். ஒன்று அல்ல, பல. புற்றுநோய் இல்லை, பயப்படவேண்டாம் என்றும் சொன்னார். மரகதத்துக்கு நம்பிக்கை வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அந்த முக்கோணம் மாட்டியிருந்தது.

குழப்பத்தை இந்திராணி அதிகமாக்கினாள். அண்ணியைப் பார்க்க வந்தவள், தன் மூன்றாவது பிரசவத்தின்போது தனக்கும் எலுமிச்சங்காய் அளவு கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகவும், அதை யாரும் தொடவே இல்லை என்றும் சொன்னாள். "எனுக்கும்தான் கட்டி கீது. மூணு பெத்துட்டேனே. கட்டி இருந்தா புள்ள தங்காதுன்னா எனுக்கு எப்படித் தங்கிச்சு?"

மரகதம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் செங்கமலத்துக்கும் கட்டியோடு பிள்ளையும் இருக்கலாமே? இல்லை, பிள்ளை இல்லாததற்குக் கட்டி காரணம் இல்லையென்றால் எதற்கு அறுக்கவேண்டும்? பலராமனுக்கும் அது நியாயமாகப் பட்டது. செங்கமலத்துக்கு இரண்டுமே நியாயமாகப் பட்டது. டாக்டர் சொல்வதும், நாத்தனார் சொல்வதும்.

உடம்பு கொஞ்சம் தேறியதும், உதிரம் நின்றிருந்த ஒரு நாளில், கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுநாள் காலை டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து செங்கமலத்தையும் பலராமனையும் கூப்பிட்டார். கறுப்புப் படத்தின் நடுவே வெள்ளையாக ஓர் உருவம். தலைகீழாக நிற்கிற முக்கோணம்.

செங்கமலத்துக்கு அது சுவரில் பார்த்த அதே முக்கோணம்தான். ஆபரேஷனுக்கு முன்னாலேயே உள்ளே முத்திரை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். அழுதுவிட்டாள். டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்து, அதை அடக்கிக்கொண்டார்.

"யாரும் எதுவும் வைக்கலம்மா. எல்லாப் பொம்பளைக்கும் உள்ளே இடம் இந்த வடிவத்துலதான் இருக்கு. எனக்கும் இப்படித்தான். இங்கே பார். இந்தப் பக்கம் நேரா வர வேண்டிய ஓரம், யாரோ கடிச்ச மாதிரி உள்வாங்கிக் கிடக்கு இல்லையா? அங்கே ஒரு கட்டி உள்ளே துருத்திகிட்டு நிக்குது. கரு வந்து ஒட்ட வேண்டிய இடம் அது."

பிறகு நிதானமாக விளக்கினார். கர்ப்பப்பை சதையால் ஆனது. அந்தச் சதையிலேயே முடிச்சு முடிச்சாக வளர்வதுதான் இந்தக் கட்டி. வெளிப்பக்கமாக வளர்ந்தால் பல பேருக்கு ஒன்றும் செய்யாது. பிள்ளையும் பிறக்கும், கட்டியும் அதுபாட்டுக்கு இருக்கும். இந்திராணிக்கு அப்படி இருந்திருக்கலாம். உள்பக்கம் துருத்தினால் கரு ஒட்ட இடம் கிடைக்காது. ஒட்டினாலும் சில சமயம் நிலைக்காது. உதிரம் கொட்டுவதும் அதனால்தான்.

"அப்ப இத்தினி வருசமா எனக்குப் புள்ள இல்லாததுக்கு இதான் காரணமா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"இருக்கலாம்" என்றார் டாக்டர். "இதுமட்டும்தான்னு என்னால சொல்ல முடியாது."

ஆமாம் என்றோ இல்லை என்றோ கேட்கத்தான் அவள் எட்டு வருஷம் காத்திருந்தாள். கிடைத்தது இது. பலராமனையும் பரிசோதிக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவன் காதுவரை சிவந்துபோனான். ஆனாலும் போனான். அவனிடம் குறை இல்லை என்று வந்தது. ஏனோ அதற்குச் சந்தோஷப்படுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

அன்று மத்தியானம் பலராமன் சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது டாக்டர் மறுபடி அந்தப் பக்கம் வந்தார். செங்கமலம் அவரை நிறுத்தி, யாரிடமும் முழுசாகச் சொல்லாததைச் சொன்னாள். இரண்டு மாதம் முழுகாமல் இருந்தது, வாய்க்குச் சோறு பிடிக்காமல் போனது, கழனியில் வந்த வலி, கால்வாய் ஓரத்தில் கட்டி கட்டியாகப் போனது. டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"அது கருவா இருந்து கலைஞ்சிருக்கலாம். வெறும் தீட்டு தள்ளி வந்து மொத்தமாப் போயிருக்கவும் கூடும். அன்னைக்கே யாராவது பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். இப்போ சொல்ல முடியாதும்மா" என்றார்.

அவர் போனபின் செங்கமலம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இருந்த பிள்ளை ஒன்று போயிற்றா, இல்லாத ஒன்றுக்காகத்தான் இத்தனை நாளும் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாளா? பிள்ளையை இழந்தவள் அழுவது வேறு, பிள்ளையே வராதவள் அழுவது வேறு. எந்த அழுகை தன்னுடையது என்று தெரியாமல் அவள் அழுதாள்.

கட்டிகளை மட்டும் வெட்டி எடுத்துக் கர்ப்பப்பையைத் தைத்து வைக்கப் பார்க்கிறேன் என்றார் டாக்டர். ஆனால் அதில் ரத்தம் அதிகம் போகும். நிற்காவிட்டால் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையே எடுக்கவேண்டி வரலாம், அதற்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்.

பலராமன் அவளை வராந்தாவுக்குக் கூட்டிவந்து என்ன செய்வது என்று கேட்டான். அவள் முதலில், எடுக்கவேண்டும் என்றால் எடுக்கட்டும், இந்தப் பாடு முடிந்தால் போதும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, எது நடந்தாலும் எடுக்க மட்டும் விடாதே என்றாள். அவன் இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

"மோட்டாருன்னா பிரிச்சுப் பாத்து இன்னா கோளாறுன்னு சொல்லிடுவேன். இது எனுக்குப் புரியல செங்கமலம். நீ வூட்டுக்கு வரணும். அது ஒண்ணுதான் எனுக்குத் தெரியுது" என்றான்.

கையெழுத்துப் போட்டான்.

ஆபரேஷன் காலையில் ஆரம்பித்தது. செங்கமலத்துக்கு நினைவு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்த ஆயாவிடம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். எல்லாம் எடுத்தாச்சு, கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு ஆயா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

எல்லாம் என்றால் எது? பார்வை நேரத்தில் மரகதம் வந்தாள். வந்ததும் மருமகளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து காட்டினாளாம். சதை சதையாக, வெள்ளையும் சிவப்புமாக. மரகதம் தன் கண்ணால் பார்த்தாளாம். அது கர்ப்பப்பை என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. பலராமன் தட்டைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டான். அவனைக் கேட்டபோது, 'எடுத்துட்டோம்' என்று மட்டும் நர்ஸ் சொன்னாள், எதை என்று தான் கேட்கவில்லை என்றான். ஏன் கேட்கவில்லை என்று செங்கமலம் கேட்டாள். பயமாக இருந்தது என்றான்.

டாக்டர் வேறொரு கேஸுக்குப் போய்விட்டார். யாரைக் கேட்டாலும் காலையில் டாக்டரம்மா வந்து சொல்வார்கள் என்றார்கள். வயிற்றின் மேல் பெரிய கட்டு. அதற்குக் கீழே வலி. இருக்கிறது என்றாலும் வலிக்கும், இல்லை என்றாலும் வலிக்கும். வலியிடம் கேட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. எட்டு வருஷமாக மற்றவர்கள் சொன்ன சொல்லெல்லாம் இனிமேல் நிஜமாகிவிட்டதா என்று ஒரு தரம் நினைத்தாள். இனிமேல் யாரும் கேட்கமாட்டார்கள், தானும் மாதாமாதம் எதிர்பார்க்கவேண்டாம் என்று இன்னொரு தரம் நினைத்தாள். இரண்டாவது நினைப்பில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி வந்ததும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் டாக்டர் காந்திமதி வந்தார். மரகதம்தான் முந்திக்கொண்டாள். தட்டில் காட்டியது கர்ப்பப்பைதானே என்றாள்.

"இல்லையே. கட்டிங்களைத்தான் காட்டச் சொன்னேன். யாரும் சொல்லலையா?" என்றார் டாக்டர். பிறகு செங்கமலத்தின் பக்கம் திரும்பினார். "உன் கர்ப்பப்பை உனக்குள்ளேதான் இருக்கு. தைச்சு வெச்சிருக்கேன். ரத்தம் நிறையப் போச்சு, ஒரு கட்டத்துல எடுத்துடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் நின்னுடுச்சு."

மரகதம் இன்னும் விடவில்லை. குடும்பக் கட்டுப்பாடும் சேர்த்துச் செய்துவிட்டீர்களா என்று நேராகவே கேட்டாள். செய்யவில்லை, பிள்ளை இல்லாதவளுக்கு நான் எதற்குச் செய்யப்போகிறேன் என்றார் டாக்டர். ஒரு வருஷம் உடம்பு தேறட்டும், பிறகு கரு உண்டானால் வீட்டில் பிரசவம் பார்க்கக்கூடாது, தையல் பிரிந்துவிடும், இங்கேதான் வரவேண்டும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கவேண்டியிருக்கும் என்றார். கரு உண்டாகுமா என்று செங்கமலம் கேட்டாள். வழியில் நின்றதை எடுத்திருக்கிறேன், வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். கட்டியும் மறுபடி வளரலாம் என்றார்.

ஊருக்குத் திரும்பியபோது அங்கே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். வளைகாப்பு மனையிலிருந்து தூக்கிக்கொண்டு போய் அறுத்துவிட்டார்கள், இனிமேல் ஒன்றும் கிடையாது. மரகதம் வீடுவீடாகப் போய் அப்படியில்லை என்று சொன்னாள். ஆனால் சொல்லும்போதே அவளுக்கே சந்தேகம் இருந்தது. அந்தத் தட்டை அவள் மறக்கவில்லை.

செங்கமலத்துக்கு உதிரப்பெருக்கு நின்றுபோயிற்று. மூன்று நாள் வந்து நான்காம் நாள் நிற்கிற தீட்டு எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. மறுபடி கழனிக்குப் போனாள், மூட்டை தூக்கினாள். அந்தப் பங்குனியில் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. ஜீப்புகள் வருவது நின்றது. லூர்தம்மாள் சத்து மாத்திரை கொடுக்க வந்தபோது செங்கமலம் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். அன்று பொய் சொன்னதைச் சொன்னாள். நர்ஸ் மோரைக் குடித்து முடித்துவிட்டு, "நானும் நிச்சயமாத் தெரிஞ்சு சொல்லலம்மா. சந்தேகமாத்தான் சொன்னேன்" என்றாள்.

ஒரு வருஷம் போயிற்று. இரண்டாம் வருஷமும் போய்க்கொண்டிருந்தது. இந்திராணியின் வாயிலிருந்து ஒரு நாள், அண்ணனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்ற பேச்சு வந்தது. பலராமன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டான். அந்தப் பேச்சு மறுபடி வரவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷத்துத் தொடக்கத்தில் செங்கமலத்துக்கு நாள் தள்ளிப்போயிற்று. அவள் சந்தோஷப்படவில்லை. கட்டி திரும்ப வந்துவிட்டது என்று நினைத்தாள். அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கவே பயந்தாள். வாந்தி வந்தபோதும் நம்பவில்லை, முன்பும் இப்படிக் குமட்டியதுதான். பலராமனோடு மெட்ராஸுக்குப் போனாள். சிறுநீர் பரிசோதித்து, கர்ப்பம் என்றார்கள். கட்டி இல்லையா என்று கேட்டாள். சின்னதாக ஒன்று வெளிப்பக்கம் தட்டுப்படுகிறது, ஆனால் இது கர்ப்பம்தான் என்றார் டாக்டர் காந்திமதி. அப்படியானால் இரண்டும் இருக்கிறதா என்றாள். இரண்டும் இருக்கிறது, இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்றார் அவர்.

இந்த முறை மரகதம் யாரிடமும் சொல்லவில்லை. வளைகாப்பு என்ற பேச்சே எடுக்கவில்லை. எட்டாம் மாதம், மறைக்க முடியாத வயிற்றோடு செங்கமலம் தண்ணீர்க் குழாயடியில் நின்றபோது, பக்கத்து வீட்டுக்காரி என்னடி இது என்று மரகதத்தைக் கேட்டாள். மரகதம் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "கட்டிதான். மறுபடி வளந்துகினு வருது. ஆஸ்பத்திரியில நாள் குடுத்து கீறாங்க" என்றாள். கண் பட்டுவிடும் என்று சொன்னாளா, அவளும் அப்படித்தான் நம்பினாளா என்று செங்கமலத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஐப்பசி மழையில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி நின்ற வாரம், ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பெண்பிள்ளையை எடுத்தார்கள். பலராமன் இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது முதலில் அவன்தான் வாங்கினான்.

குழந்தைக்கு ஒரு வயசு ஆகியிருக்கும். ஒரகடத்திலிருந்து லீலா என்று ஒருத்தி செங்கமலத்தைத் தேடி வந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம். வயிற்றில் கட்டி என்று சொல்லியிருக்கிறார்கள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, கட்டிய எடுத்துட்டா புள்ள பொறக்குமா? உனுக்கு அதனாலதான் பொறந்துச்சா?"

செங்கமலம் அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் அந்தப் பெண் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். சொல்ல வாய் எடுத்தாள். முடியவில்லை.

"எனுக்குத் தெரியலமா" என்றாள். "எடுத்தாங்க. ரெண்டு வருசத்துக்கு மேல ஆகிப் பொறந்துச்சு. அதனாலயா, தானா வந்துச்சான்னு டாக்டரம்மாவே சொல்லல. உன் கட்டி உள்ள கீதா வெளிய கீதான்னு மொதல்ல பாக்கணும். உனுக்கு தீட்டு எப்படிப் படுதுன்னு ஒளிக்காம சொல்லணும்."

லீலாவுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. தனியாகப் போக பயமாக இருக்கிறது என்றாள்.

செங்கமலம் குழந்தையைத் தூக்கி மரகதத்திடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் ரோட்டுக்கு நடந்தார்கள். மெட்ராஸ் பஸ் வர நேரமிருந்தது. காத்து நின்ற நேரத்தில் லீலா இன்னும் பல கேள்விகள் கேட்டாள். செங்கமலம் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள்.